போர்டைக் கையில் பிடித்தபடி ஒரு போட்டோ

அந்த அக்கா கம்ப்யூட்டர் சாமான் எது வந்தாலும் முதலில் தராசில்தான் வைப்பார். காய்கறிக் கடையில் சிவப்பு எழுத்து ஓடுமே, அதே எலெக்ட்ரானிக் தராசு. அன்னவாசலில் ஒரு உரக்கடைக்கு மாடியில் இருந்தது அவர் கடை. நான் முதல் தடவை படியேறிப் போனபோது, கம்ப்யூட்டருக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை ஒன்றைத் தராசில் வைத்துவிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கொண்டுவந்த ஏஜென்ட் எதிரே முழித்துக்கொண்டு நின்றார்.

"என்னக்கா, கிலோ என்ன விலை?" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

அவர் சிரிக்கவில்லை. "அதே கம்பெனி, அதே மாடலுங்கிறாரு. போன மாசம் வந்ததுக்கு முந்நூறு கிராம் கம்மியா இருக்கு. உள்ள செம்பைக் கொறைச்சுட்டுக் காத்தை வச்சு மூடிருக்காங்க" என்று அதை ஏஜென்ட் பக்கம் தள்ளினார். "இங்கிட்டு வேணாம், எடுத்துட்டுப் போங்க."

"அக்கா, சீல்கூடப் பிரிக்கலக்கா!"

"சீலுன்னா என்ன? ஒருத்தன் ஒட்டுனதுதானே? இன்னொருத்தன் ஒட்ட மாட்டானா?"

அவர் பேரை இதில் சொல்லப் போவதில்லை. அந்தப் பேரை ஒரு தடவை நான் கெடுத்தது போதும். எனக்கு அசெம்பிள் செய்து கொடுத்த சின்னக் கம்ப்யூட்டரில் பழைய மதர்போர்டைப் போட்டு ஏமாற்றிவிட்டார் என்று ஒரு வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அவர் ஏமாற்றினாரா இல்லையா என்பதுதான் விஷயமே. மற்றதெல்லாம் அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன்.

என் தொழில், கல்யாணம் காதுகுத்தை எல்லாம் லைவ் விடுவது. ஊர் திருமயம். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூரிலோ குவைத்திலோ இருப்பார். லீவு கிடைக்காதவர்கள் அங்கே செல்போனை வைத்துக்கொண்டு இங்கே தாலி ஏறுவதைப் பார்ப்பார்கள். என் லேப்டாப் மண்டபத்துப் புழுக்கத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. பெரிய கம்ப்யூட்டரைப் பைக்கில் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. டேங்க் மேல் வைத்துக்கொண்டு போகிற மாதிரி, ரெண்டு டிபன் கேரியரைச் சேர்த்து வைத்த அளவுக்கு ஒரு கேபினெட், அதற்குள் ஒரு முழுக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று போய் நின்றேன்.

"எதுக்குச் சின்னது?" என்றார். சொன்னேன். "யாரு சொன்னா, இது சரியா வரும்னு?" என்றார்.

"யூடியூப்ல பாத்தேன்க்கா. ஒரு வெளிநாட்டுக்காரன் செஞ்சு காட்டுறான்."

"அவன் ஊருல வெயில் எவ்வளவு?"

எனக்கு என்ன தெரியும்? அதற்குப் பிறகு போலீஸ் ஸ்டேஷன் மாதிரி விசாரணை. எத்தனை கேமரா? மண்டபத்தில் ஏசி உண்டா? ஜெனரேட்டரா, லைன் கரண்டா? பைக்கை ஓட்டுவது நானா, வேறு யாராவதா? பொண்ணு பார்க்கப் போன வீட்டில்கூட என்னை இத்தனை கேள்வி கேட்கவில்லை.

அவர் அப்படித்தான். யார் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார். கீழே டீக்கடையில் டீ சொன்னால், கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்த பிறகுதான் "ம், குடுத்து விடுங்க" என்பார். கொரியர்காரரைப் பார்சலோடு நிற்க வைத்து, செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே பிரிப்பார். "எனக்கு வேற எடத்துக்குப் போகணும்க்கா" என்று அவர் கெஞ்சினால், "உள்ள கல்லு இருந்தா யாருகிட்டப் போய்க் கேக்குறது, நீங்க அங்கிட்டுப் போனப்புறம்?" என்பார். ஒரு நாள் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஒண்ணும் பண்ணலம்மா, தானா ஆஃப் ஆயிருச்சு" என்றார். அக்கா மூடியைக் கழற்றிப் பேப்பர் மேல் கவிழ்த்தார். ஏழு பல்லி முட்டை உருண்டு வந்தது. பக்கத்து மூடி ஒன்றைத் தொலைத்துவிட்டு ரெண்டு மாசமாக அப்படியே ஓட்டியிருக்கிறார் மனிதர்.

"தானா முட்டை வச்சுக்கிச்சா சார்?" என்று கேட்டார் அக்கா. அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் ஒன்று, அந்த வாத்தியார் அடுத்த தடவையும் அங்கேதான் வந்தார்.

ஆவூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம் அவருடையது. கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கல்யாணத்துக்கு முன்னாடி சென்னையில் பத்து வருஷம் இதே வேலை பார்த்தவர். அங்கே எதைப் பார்த்துவிட்டு வந்தாரோ, எதையும் நம்புவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

என் சாமான்கள் வந்து இறங்கிய அன்றைக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார். மதர்போர்டு பெட்டியை என் கையில் கொடுத்து, ஜன்னல் ஓரமாக நிற்க வைத்து போட்டோ எடுத்தார். பெட்டியைப் பிரித்து, போர்டை வெளியே எடுத்து, அதையும் என் கையில் கொடுத்து முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. ஜெயிலில் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கைதி மாதிரி இருந்தது எனக்கு.

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"நாளைக்கு நீங்களே வந்து இது வேற போர்டுன்னு சொல்லுவீங்க."

எனக்குச் சுருக்கென்றது. என்னைத் திருடன் என்கிற மாதிரி இருந்தது. இருக்கட்டும், நாமும் சும்மா விடக்கூடாது என்று, அவர் ஸ்க்ரூ டிரைவர் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் பாக்கெட்டில் இருந்த என் சம்சாரத்தின் நகப்பாலிஷை எடுத்து போர்டின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன். முன்கூட்டியே திட்டம் போட்டுத்தான் கொண்டுபோயிருந்தேன். போர்டை மாற்றினால் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? திரும்பி வந்த அக்கா அரை நிமிஷத்தில் அதைப் பார்த்துவிட்டார்.

"இது யாரு வச்சது?"

"நான்தான்க்கா. சும்மா, ஒரு அடையாளத்துக்கு."

அதுவரைக்கும் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். "நல்ல காரியம் பண்ணீங்க தம்பி. எல்லாரும் இப்படி இருந்தா எனக்கு வேலை சுளுவு" என்றார். மனதாரத்தான் சொன்னார். என்ன ஜென்மமோ என்று நினைத்துக்கொண்டேன்.

சின்னக் கேபினெட்டில் எல்லாவற்றையும் பொருத்துவது லேசான காரியம் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சாமானைத் தொடுவதற்கு முன்னால் அட்டையில் போர்டு அளவுக்கும் பவர் சப்ளை அளவுக்கும் வெட்டி, உள்ளே வைத்துப் பார்த்தார். எந்த வயரை முதலில் சொருக வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்று தவறினால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மூன்று தடவை கழற்றினார். முகம் சுளிக்கவில்லை. ஃபேனை மேலே பார்த்த மாதிரி மாட்டினார். மூடி முழுக்கச் சல்லடை மாதிரி சின்னச் சின்ன ஓட்டை.

"பெரிய கேபினெட்டுன்னா சூடு அது பாட்டுக்குத் திரியும். இது ஒத்த ரூம்புல ஒம்போது பேரு படுத்த மாதிரி. மேல போறதுதான் ஒரே வழி. இந்த மூடி மேல எதையும் வைக்காதீங்க. துணிகூட வேணாம்" என்றார். சரி சரி என்று தலையாட்டினேன். கவனம் எல்லாம் அதைப் பைக்கில் எப்படிக் கட்டுவது என்பதிலேயே இருந்தது.

நாலு மாசம் தங்கமாக ஓடியது. அதை மறைக்க மாட்டேன். ஜெகதாப்பட்டினத்தில் உப்புக் காற்றில் ஒரு கல்யாணம், ஆடி வெயிலில் ஒரு கோயில் திருவிழா. கம்ப்யூட்டர் பெட்டி சுட்டதுகூட இல்லை.

ஐப்பசியில் முதல் முகூர்த்தம். ரெண்டு நாளாக விடாத மழை, மண்டபமே ஈரம் பூத்துக் கிடந்தது. பொண்ணோட அப்பா குவைத்தில். லீவு கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல், அங்கேயே புதுவேட்டி கட்டிக்கொண்டு, கூட வேலை பார்க்கிறவர்களை எல்லாம் ரூமில் உட்கார வைத்துக்கொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கிறார், கெட்டிமேளம் என்று யாரோ கத்துகிறார்கள், என் பெட்டி பொட்டென்று அணைந்துவிட்டது. பட்டனை அமுக்குகிறேன், உயிர் வரவில்லை. செல்போனை எடுத்து லைவ் போடுவதற்குள் எல்லாம் முடிந்து அட்சதை கீழே கிடக்கிறது.

பொண்ணோட அம்மா போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அந்தப் பக்கம் அவர் பேசினார். திட்டவில்லை. "தம்பி, கட்டியாச்சா?" என்று மட்டும் கேட்டார். "கட்டியாச்சுங்க" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் அந்த அழுகை எல்லாம் கோபமாக மாறியது. மண்டபத்து வாசலில் மழையில் நின்றுகொண்டே அக்காவுக்குப் போன் போட்டுக் கன்னாபின்னாவென்று கத்தினேன்.

அவர் நான் ஓயும்வரை கேட்டார். "பெட்டியை அப்படியே கொண்டாங்க. வேற யாரையும் தொறக்க விடாதீங்க" என்றார்.

ஏன் திறக்கக் கூடாது? உள்ளே என்ன இருக்கிறது? அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. தட்டியது என்று நினைத்துக்கொண்டேன்.

"எதாவது பட்டுச்சா தம்பி? தண்ணி, எண்ணெய்?"

"ஒண்ணும் படல."

"ஆயுத பூஜை போட்டீங்கள்ல? மேல பொட்டு கிட்டு வச்சீங்களா?"

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. "ஏன், சாமி கும்பிட்டா கம்ப்யூட்டர் கெட்டுப் போயிருமோ? நீங்க வேதக்காரங்க, ஒங்களுக்கு எங்க பூஜையைக் கண்டா ஆகாது!" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

அவரிடம் கொண்டுபோகவில்லை. புதுக்கோட்டையில் வேறொரு கடைக்குக் கொண்டுபோனேன். அந்த ஆள் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, போர்டின் ஓரத்தில் மஞ்சளும் பழுப்புமாகப் படிந்திருந்த கறையைக் காட்டினார். "பாருங்க, ஈயத்தை உருக்கிச் சால்டர் வச்ச கறை. ஏற்கனவே ரிப்பேர் பண்ண போர்டு. பழசைப் புதுப்பெட்டியில போட்டு ஒங்க தலையில கட்டிட்டாங்க" என்றார். ஓரத்தில் நகப்பாலிஷ் புள்ளி அப்படியே இருந்தது. அதனால் என்ன? பழசு என் கைக்கு வருவதற்கு முன்னாலேயே பெட்டிக்குள் போயிருக்கலாமே? சீல் என்றால் ஒருத்தன் ஒட்டுவதுதானே என்று அந்தம்மாவே சொல்லவில்லையா? அவர் வாயால் வந்ததையே எடுத்து அவர் மேல் போட்டேன்.

எங்கள் ஏரியா போட்டோ, வீடியோக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. இருநூறு பேருக்கு மேல் இருக்கிறோம். அதில் பேசி ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "அன்னவாசல் அம்மா பழைய போர்டைப் போட்டு ஏமாத்திருச்சு. கேட்டா பூஜை போட்டதால கெட்டுச்சுங்குது. யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க." நாலு நிமிஷம் பேசினேன். குவைத்துக்காரர் கேட்டதையும் சேர்த்துச் சொன்னேன். அது இங்கிட்டு அங்கிட்டுப் போய், பள்ளிக்கூடத்து வாத்தியார்வரை போய்ச் சேர்ந்தது.

அக்கா மூன்று தடவை போன் செய்தார். எடுக்கவில்லை. அப்புறம் மூன்று போட்டோ அனுப்பினார். நான் பெட்டியோடு நிற்பது, போர்டோடு நிற்பது, போர்டின் பின்பக்கம். போட்டோவை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள். வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்த என் சம்சாரம், மூடியில்லாமல் பரணில் கிடந்த அந்தப் பெட்டியையும் இறக்கி, ஈரத்துணியால் உள்ளேயும் சேர்த்துத் துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வாங்க. இதை மோந்து பாருங்க."

குனிந்து மோந்தேன். அந்தக் கறை நனைந்து, பூஜை சாமான் கடைச் சந்தன வாசனை கும்மென்று ஏறியது. ஃபேனுக்கு அடியில் காய்ந்த சாமந்தி இதழ் ரெண்டு. கழற்றிப் போட்ட மூடியின் ஓட்டைகளில் மஞ்சளாகச் சந்தனம் அடைத்திருந்தது.

"போன வருஷ பூஜைக்குச் சந்தனத்தைப் பன்னீரை ஊத்தி ஊத்திக் குழைச்சீங்களே, ஒழுகுதுன்னு சொன்னேன்ல?" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அக்கா போனில் பொட்டு வைத்தீர்களா என்று கேட்ட அந்த நொடியே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கூழ் மாதிரி குழைத்து, நாலு விரலால் மூடி மேல் நானே அப்பினேன். ஆனால் பொட்டு என்றால் நமக்கு அது அழுக்கா, தண்ணியா? பட்டதில் சேர்த்தியா? அப்படித்தான் மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். ஞாபகம் வந்ததால்தான் அவ்வளவு கோபமே வந்தது. சந்தனம் காய்ந்து பேசாமல் இருந்திருக்கிறது, ஐப்பசி மழை ஈரத்தை இழுத்துக்கொண்டு போர்டைக் கருக்கிவிட்டது. செல்போனைத் திறந்து அவர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறை இருக்கிற அதே இடம். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு முறைத்தபடி நிற்பது நான்தான்.

மறுவாரம் அன்னவாசல் போனேன். அக்கா கடை இருந்த மாடியில் இப்போது தையல் கடை. உரக்கடைக்காரர் வழி சொன்னார். ஆவூர்ப் பக்கம் அவர் வீட்டைத் தேடிப் போனபோது சாயங்காலம் நாலு மணி இருக்கும். அக்கா வாசலில் யாருடைய மிக்ஸியையோ பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கு வந்தீங்க?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன்க்கா." எல்லாவற்றையும் சொன்னேன்.

"அது சரி. எதுக்கு வந்தீங்க? புதுசா எதாச்சும் செய்யணுமா? யாராச்சும் சொல்லி அனுப்புனாங்களா?"

"இல்லக்கா, சத்தியமா."

"சத்தியத்தை விடுங்க. போர்டைக் கொண்டாந்தீங்களா?"

கொண்டுபோயிருந்தேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரலை நனைத்துத் தேய்த்து மோந்தார். தலையை மெதுவாக ஆட்டினார்.

"மூணு தடவை போன் பண்ணேன் தம்பி" என்றார். "எங்க வீட்டுக்காரரே கேட்டாரு, பழசைப் போட்டியான்னு. எங்க வீட்டுக்காரரே."

அதற்கு மேல் அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது? எனக்குத்தான் தெரியுமே. எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க."

செல்போனை எடுத்து அந்தக் குரூப்பில் பேசினேன். "போர்டு புதுசாவே இருந்திருக்கலாம், நான் கொஞ்சம் அவசரப்பட்டு..."

"இருந்திருக்கலாமா?" என்றார் அக்கா.

அழித்துவிட்டு மறுபடி பேசினேன். "ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு..."

"யாரு பண்ணா?"

மூன்றாவது தடவை மென்று முழுங்காமல் சொன்னேன். போர்டு புதுசு, கெடுத்தது என் சந்தனம், அக்கா கேட்டபோது தெரிந்தே மறைத்தேன், அவர் மதத்தை இழுத்துப் பேசியதும் என் தப்பு. அனுப்பினேன். ரெண்டு பேருமாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் பதில் வந்தது. "அன்னவாசல் பிரியாணி பலமாண்ணே?" கூடவே கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிற பொம்மை நாலு. அடுத்தது, "யாரு மிரட்டுனது, சொல்லுங்க, நாங்க இருக்கோம்." அதற்கடுத்தது, "அட்மின், அண்ணன் போன் வேற யாரு கையிலயோ இருக்கு போல, என்னான்னு பாருங்க."

"நம்ப மாட்டேங்குறாங்கக்கா" என்றேன்.

அக்கா கண்ணாடியை இறக்கி ஒவ்வொன்றாகப் படித்தார். "போன வருஷம் பேசுனீங்கள்ல, நான் ஏமாத்திட்டேன்னு. அப்ப இந்த மாதிரி எத்தனை பேரு கேட்டாங்க?"

விரலால் தள்ளித் தள்ளிப் பழைய பேச்சுக்குப் போனேன். நான் பேசிய நாலு நிமிஷம் அங்கேயே இருந்தது. அதற்குக் கீழே, "நல்ல வேளை சொன்னீங்க." "எனக்கு அப்பவே டவுட்டு." "தேங்க்ஸ் அண்ணே." கட்டை விரல், கட்டை விரல், கட்டை விரல். கடைசிவரை பார்த்தேன்.

"ஒருத்தரும் கேக்கலக்கா" என்றேன்.